இரண்டாம் மாடி விரிசல்

ஜன்னலோரத்தை எனக்குக் குடுத்தீங்கன்னா பெரிய உபகாரமாப் போகுமுங்க அக்கா. இல்லீங்க, வாந்தியெல்லாம் எடுக்க மாட்டேன். கட்டடம் பாக்கோணும், அதுக்குத்தான். ஆமாங்க, கட்டடந்தான். சிரிக்கறீங்க பாருங்க. எல்லாருமே சிரிக்கறாங்க. அதுதானுங்க என்ற வேலை.

நீங்களும் கோபிதானுங்களா? நல்லதாப் போச்சு. சித்தோடு தாண்டற வரைக்கும் ரண்டு பக்கமும் பில்டிங்கா வரும், அப்பறம் வாழையும் கரும்புந்தான். அது வரைக்கும் இப்பிடி எட்டி எட்டிப் பாப்பேன், தப்பா நெனச்சுக்காதீங்க. அதோ அந்த ஜவுளிக்கடை தெரியுதுங்களா, முன்னாடி பூராக் கண்ணாடி ஒட்டி மினுமினுன்னு நிக்குதே. பின்னாடி சந்துல போயிப் பாத்தீங்கன்னா செவுத்துக்குப் பூச்சே இருக்காது. பாதிக் கட்டடம் அப்பிடித்தான், மூஞ்சிக்கு மட்டும் பவுடர் போட்டுட்டு நிக்கும். நாங்க பின்னாடி போயிப் பாக்கறவங்க.

பட்டுச்சேலை கட்டிக்கிட்டு எங்க கட்டடம் பாக்கப் போறேன்னு கேக்கறீங்களா? அது எங்கம்மா பண்ணின வேலை. அதையும் சொல்றனுங்க, வருசையாச் சொன்னாத்தான் புரியும்.

எங்க வேலைன்னா இப்பிடிங்க. ஒருத்தரு ஒரு காம்ப்ளக்ஸ் கட்டி வெச்சிருக்காரு, அதை வெச்சுப் பேங்க்ல கடன் கேக்கறாரு. சும்மா குடுத்துருவாங்களா? இது எவ்வளவு பெறும், நிக்குமா விழுமான்னு எங்க சாரைக் கேப்பாங்க. ருக்மாங்கதன் இன்ஜினியரு. அவரு போயி அளந்து, செவுத்தைத் தட்டி, மொட்டை மாடி வரைக்கும் ஏறிப் பாத்து, எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் கடன். நானு அவருகிட்ட ட்ரெய்னி. ட்ரெய்னின்னதும் சின்னப் புள்ளைன்னு நெனச்சுராதீங்க, எனக்கு முப்பத்திரண்டு முடிஞ்சிருச்சு. டிப்ளமோ சிவில் படிச்சுப்போட்டு ஒரு டைல்ஸ் கடைல பில்லுப் போட்டுட்டே காலத்தை ஓட்டிட்டனுங்க. அந்தக் கடையை மூடினாங்க. சாரு அங்க வாடிக்கையா வருவாரு. "சும்மாத்தானேம்மா இருக்கறே கோகிலா, வந்து டேப்போட இந்த முனையைப் புடி"ன்னாரு. புடிச்சவதான், இன்னும் விடலை.

கோகிலவாணிங்க என்ற பேரு. கோகிலான்னே கூப்பிடுங்க.

அக்கா, நீங்க ஈரோட்டை மேல இருந்து பாத்திருக்கீங்களா? நானும் பாத்ததில்லீங்க. பொறந்ததுல இருந்து நடந்த ஊரு, கீழ இருந்தே பாத்த ஊரு. மொத மொதல்ல மேட்டூர் ரோட்டுல ஒரு அஞ்சு மாடிக்கு ஏறிப் பாத்தனுங்க. யப்பா, அது வேற ஊரு. கருப்புத் தொட்டி தொட்டியா நிக்குது, நடுவுல யாரோ புறா வளக்கறாங்க, ஒரு பேங்க் மேல வெங்காய வடகம் காயப் போட்டிருக்காங்க. ஆமாங்க, பேங்க் மேல. கீழ அத்தனை பேரு டோக்கன் வாங்கிட்டு நிக்கறாங்க, மேல வடகம். நான் அன்னிக்கு ஊட்டுக்குப் போயிச் சோறு திங்காம அதையே பேசிட்டிருந்தனுங்க. எங்கம்மா, "இவளுக்கு மொட்டை மாடிக் காத்து அடிச்சுப்போச்சு"ன்னாங்க. சாரு ஒரு மிஷினு குடுத்தாரு. பட்டனை அமுக்குனா செவப்பா ஒரு புள்ளி போயிச் செவுத்துல விழும், எத்தனை தூரம்னு காட்டும். மொத வாரத்துல நான் அளக்காத பொருளே இல்லீங்க. எங்க ஊட்டு நடை, தம்பி கட்டலு, எதிர்வீட்டு நாய் படுத்திருக்கற தூரம், எல்லாத்தையும் அளந்துட்டேன்.

செரி, விசயத்துக்கு வர்றேன். ஆடி மாசத்துல சாரு பெங்களூரு போயிட்டாரு. மகளுக்குப் பிரசவம். போறப்ப என்னைக் கூப்பிட்டு, "சௌபாக்யா காம்ப்ளக்ஸை நீயே பாத்துரு. நான் வந்து கடைசியா ஒருக்காப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுர்றேன்"ன்னாரு. நானே பாக்கற மொதக் கட்டடம். எனக்குக் காலு தரைல பாவலை. புதுசா ஷூ வாங்கினேன், அதைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க.

சௌபாக்யா காம்ப்ளக்ஸ் பெருசெல்லாம் இல்லீங்க. கீழயும் சேத்து மூணு மாடி. கீழ பேக்கரி, மொத மாடில ரத்தப் பரிசோதனை லேப்பும் ஒரு டியூசன் சென்டரும், ரண்டாம் மாடில ஷீல்டு கடை. பள்ளிக்கூட ஆண்டு விழாவுல குடுப்பாங்கல்ல, கப்பு, கேடயம், அது. ஓனரு அர்த்தநாரி அய்யா, வயசான மனுசன். என்னைப் பாத்ததும், "இன்ஜினியரு வரலீங்களா?"ன்னாரு. "நாந்தானுங்க"ன்னேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்றதுக்கு எத்தனை நாளாக் காத்திருந்தனோ.

கீழ இருந்து ஒவ்வொண்ணாப் பாத்துட்டு ஷீல்டு கடைக்குப் போனேன். உள்ள ஒருத்தரு தகட்டுல பேரு செதுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நல்லசிவம்னு பேரு. முப்பத்தஞ்சு, முப்பத்தாறு இருக்கும். ஊதாக் கோடு போட்ட சட்டை. நான் அதையெல்லாம் கவனிக்கறவ இல்லீங்க, சும்மா கண்ணுல பட்டுச்சு. செவுரு பூராக் கப்பும் ஷீல்டுமாத் தொங்குது. "ஓடாம குதிக்காம இத்தனை வாங்கி வெச்சிருக்கீங்களே"ன்னேன். அவரு பேசாம என்னையே பாத்தாரு. செரி, தமாசு புரியாத ஆளுன்னு நெனச்சுட்டு நான் அளக்க ஆரம்பிச்சுட்டேன். ஜன்னலை அளந்து முடிச்சு வாசலுக்கு வந்திருப்பேன், அப்பச் சிரிக்கறாரு. அவ்வளவு நேரம் கழிச்சு. அந்த மாதிரி ஆளுங்க அவரு.

"பின்னாடிச் செவுத்தைப் பாக்கோணும், இதையெல்லாம் கழட்டுங்க"ன்னேன். வேற கடைக்காரங்களா இருந்தா எந்தூட்டு நாயமுன்னு சண்டைக்கு வந்திருப்பாங்க. இவரு பாருங்க, ஒவ்வொரு ஷீல்டாக் கழட்டித் தொடைச்சு மேசை மேல வெச்சாரு. எல்லாத்தையும் எடுத்தப்பறம் பாத்தா, ஜன்னல் மூலைல இருந்து சாய்வா ஒரு விரிசல். நூலு மாதிரி, கூரை வரைக்கும் போகுது.

அக்கா, எனக்கு எப்பிடி இருந்துச்சு தெரியுங்களா? மனசுக்குள்ள மத்தாப்புக் கொளுத்துன மாதிரி இருந்துச்சு. என்ற மொதக் கட்டடத்துல ஒரு விரிசல். நானே கண்டுபுடிச்ச விரிசல்.

சாருக்குப் போன் பண்ணினேன். "பூச்சுல விட்ட விரிசலா, செவுரே விட்டிருக்குதான்னு தெரியோணும். கண்ணாடி ஒட்டி வை"ன்னாரு. அதென்னன்னா, மெல்லிசா ஒரு கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்க வெச்சு, ரண்டு முனையிலயும் பிளாஸ்டர் மாவைப் பூசி ஒட்டிரோணும். செவுரு நகந்துச்சுன்னா கண்ணாடி ஒடைஞ்சிரும். நகரலைன்னா அப்பிடியே இருக்கும். அவ்வளவுதான். ஏணியை நல்லசிவந்தான் புடிச்சாரு. நல்லாப் புடிச்சாருங்க, கொஞ்சங்கூட ஆடலை.

ஒரு வாரம் கழிச்சுப் போனேன். கண்ணாடி அப்பிடியே இருக்குது. எனக்கு லேசா வருத்தந்தான், ஆனாலும் அவரு பயப்படக் கூடாதேன்னு, "ஒண்ணுமில்லீங்க, வெறும் பூச்சு விரிசல். இனி நான் வந்து உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்"னு சொன்னேன். சந்தோசப்படுவாருன்னு பாத்தா மொகம் சுண்டிப் போச்சு. "இனி வர மாட்டீங்களா?"ன்னாரு. "எதுக்குங்க வரோணும்?"ன்னேன். "அதானே"ன்னாரு. எனக்கு எப்பிடிப் புரியும்? கட்டடம் பழுதுன்னா ஓனரு வெள்ளை அடிச்சுக் குடுப்பாருன்னு எதிர்பாத்திருப்பாரு போலன்னு நெனச்சேன்.

ரண்டு நாள்ல போன் வருது. "மேடம், கண்ணாடி ஒடைஞ்சிருச்சுங்க."

ஸ்கூட்டியை எடுத்துட்டு நான் போன வேகத்தைப் பாத்திருக்கோணுமே நீங்க. ஆமாங்க, ஒடைஞ்சிருந்துச்சு. புதுசு ஒட்டினேன். எலுமிச்சைச் சாறு வாங்கிக் குடுத்தாரு, உப்புப் போட்டதா சக்கரை போட்டதான்னு கேட்டு. அடுத்த வாரம் மறுபடியும் போன். மறுபடியும் ஒடைஞ்சிருச்சு. அன்னிக்குப் பருப்பு போண்டா. நான் செவுத்தையே பாத்துட்டு நிக்கறேன், அவரு, "உக்காந்து பாருங்க மேடம்"னு நாற்காலியைத் தொடைச்சுப் போடறாரு. நான் நிலத்தைப் பத்தி, அஸ்திவாரத்தைப் பத்தி, மழைத் தண்ணி எப்பிடி எறங்குதுங்கறதைப் பத்தி எல்லாஞ் சொன்னேன். அக்கா, நான் பேசினா எங்க ஊட்ல எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாங்க. அவரு ஒருத்தருதான் பூராவும் கேட்டாரு. "அப்பறம்?", "அப்பறம்?"னு கேட்டாரு. கட்டடத்து மேல அவ்வளவு அக்கறை.

ஒரு நாளு அவங்கம்மா கடைல உக்காந்திருந்தாங்க. கோபில இருந்து சும்மா வந்தாங்களாமா. என்னைப் பாத்ததும், "உக்காரு கண்ணு"ன்னாங்க. பேரு, ஊரு, கூடப் பொறந்தது எல்லாம் கேட்டாங்க. அப்பறம் நட்சத்திரம் என்னன்னாங்க. நான் முழிச்சேன். "இல்ல கண்ணு, கட்டடம் நல்லாருக்கோணும்னு கோயில்ல ஒரு வெளக்குப் போடலாம்னு. வந்து பாக்கறவங்க நட்சத்திரத்துக்குப் போட்டா விசேசம்"னாங்க. நல்ல மனசு பாருங்க. அனுசம்னு சொன்னேன். உடனே மகனைத் திரும்பிப் பாத்து, "அனுசமாமாப்பா"ன்னாங்க, என்னமோ பரிச்சையில பாசான மாதிரி. போறப்ப ஒரு ரவிக்கைத் துணி குடுத்தாங்க. கட்டடம் விழுந்துருமோன்னு எவ்வளவு பயந்திருந்தா இப்பிடியெல்லாம் பண்ணுவாங்கன்னு எனக்குப் பாவமாப் போச்சு.

என்னங்க்கா சிரிக்கறீங்க? இருமலா? தண்ணி வேணுங்களா?

இதுக்கப்பறந்தான் நான் ஒரு காரியம் பண்ணினேன். மூணாந் தடவையும் ஒடைஞ்சு போச்சா, எனக்குப் பதட்டமாயிருச்சு. சாருக்குப் போன் பண்ணினா எடுக்கலை. பேத்தி பொறந்த அன்னிக்கு யாரு போன் எடுப்பாங்க? கீழ டியூசனுக்கு அத்தனை புள்ளைக வருது. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நேரா அர்த்தநாரி அய்யா ஊட்டுக்குப் போயி, "கட்டடம் நகருதுங்க, எல்லாரையும் காலி பண்ணச் சொல்லுங்க"ன்னு சொல்லிப்போட்டேன். அந்த மனுசன் அப்பிடியே திண்டாடிப் போயிட்டாரு. "நகருதா? எங்க நகருது?"ன்னு கேட்டாரு. நான் கையை இப்பிடி வெச்சுக் காமிச்சேன்.

அன்னிக்குச் சாயங்காலமே சேதி காம்ப்ளக்ஸ் பூராப் பரவிருச்சு. டியூசனை நிறுத்தியாச்சு. பேக்கரிக்காரரு அடுப்பை அணைச்சுட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு கட்டடத்தையே பாத்துட்டிருக்காரு. லேப்புப் பரிமளாக்கா மைக்ராஸ்கோப்பை மடில வெச்சுட்டுப் படிக்கட்டுல உக்காந்துட்டாங்க. "இப்பத்தான் கண்ணு நாலு ஆளுக என்னைத் தேடி வர்றாங்க. இனி எந்தத் தெருவுல போயி மறுபடி போர்டு மாட்டறது?"ன்னாங்க. அழுகலை. அழுதிருந்தாக்கூட எனக்குப் பரவால்லை. நல்லசிவம் படிக்கு மேல நின்னு அவங்களைப் பாக்கறாரு, என்னைப் பாக்கறாரு, மொகம் சாம்பலாட்டப் போச்சு. "பயப்படாதீங்க, நான் இருக்கறேன்"னேன்.

ராத்திரி போன்ல விசயத்தைக் கேட்டுட்டு அடுத்த நாளே சாரு வந்து எறங்கிட்டாரு. கையில பெங்களூரு ஸ்வீட் டப்பா வேற. முழங்கால் வலியோட ரண்டு மாடியும் ஏறி வந்தாரு. எல்லாரும் பின்னாடியே ஏறிட்டாங்க, ஓனரு, பரிமளாக்கா, பேக்கரிக்காரரு, டியூசன் வாத்தியாரு. கடையும் காரிடாரும் கொள்ளலை. நான் முன்னாடி நின்னு வெளக்கம் சொல்றேன், எப்ப ஒட்டினேன், எப்ப ஒடைஞ்சுது, மண்ணு எப்பிடி, அஸ்திவாரம் எப்பிடின்னு. நல்லாத்தான் சொன்னேன், இப்ப நெனச்சாலும். சாரு கேட்டுட்டே ஏணில ரண்டு படி ஏறிக் கண்ணாடிகிட்டப் போனாரு. மூக்குக் கண்ணாடியைத் தூக்கிட்டு உத்துப் பாத்தாரு. வெரலை வெச்சுத் தடவினாரு.

"கோகிலா, செவுரு நகந்தா கண்ணாடி எப்பிடிம்மா ஒடையும்?"

"விரிசல் போற வழியிலயே ஒடையுமுங்க சார். கோடு கிழிச்ச மாதிரி."

"இது எப்பிடி ஒடைஞ்சிருக்குது?"

பாத்தேன். நட்ட நடுவுல நசுங்கி, பூப்பூவாச் செதறி இருக்குது. எதையோ வெச்சுத் தட்டின எடம். மூணு தடவையும் அப்பிடித்தான் இருந்திருக்கும். நான் ஒடைஞ்சிருக்குதான்னுதான் பாத்தனே தவிர எப்பிடி ஒடைஞ்சிருக்குதுன்னு பாக்கவே இல்லீங்க.

சாரு திரும்பி எல்லாரையும் பாத்தாரு. "யாருங்க இதைத் தட்டினது?"

பின்னாடி இருந்து, "நாந்தானுங்க"ன்னு சத்தம். நல்லசிவம்.

"நீங்களா? எதுக்கு?"

அர்த்தநாரி அய்யாவுக்குக் கோவம் வந்துருச்சு. "ஏப்பா, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்? நேத்து ராத்திரி பூரா நான் தூங்கலை"ன்னாரு. நல்லசிவம் தலையைக் குனிஞ்சுட்டு, "உங்களுக்குக் கெடுதல் நெனைக்கலீங்க அய்யா. இவ்வளவு தூரம் போகும்னு தெரியலீங்க. நேத்தே சொல்லிருக்கோணும், தைரியம் வரலை"ன்னாரு. "அப்பறம் எதுக்குய்யா ஒடைச்சே?"ன்னு மறுபடியும் கேட்டாரு அய்யா. நல்லசிவம் என்னைப் பாத்தாரு. "அவங்க வந்து பாக்கோணும்னுதானுங்க"ன்னாரு.

அவ்வளவுதானுங்க சொன்னாரு. அப்பறம் பரிமளாக்கா வாயைப் பொத்துனாங்க. பேக்கரிக்காரரு செவுத்துப் பக்கம் திரும்பிட்டாரு, முதுகு குலுங்குது. டியூசன் வாத்தியாரு சிரிக்க, அர்த்தநாரி அய்யா, அந்தக் கோவக்காரருமே பொக்கை வாயைத் தொறந்துட்டாரு. எல்லாரும் சிரிக்கறாங்க. எங்க சாரு சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்து, ஸ்வீட் டப்பாவை நல்லசிவம் கையில குடுத்துட்டு ஏணியைப் புடிச்சுட்டு நிக்கறாரு.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்னு நெனைக்கறீங்க? ஒரு ட்ரெய்னி தப்புப் பண்ணினா இப்பிடியா சிரிப்பாங்க. அந்த மனுசன் பயத்துல பண்ணிட்டாரு. நாம போயிட்டா கட்டடத்தை யாரும் பாக்க மாட்டாங்களேங்கற பயம். பயந்தவங்க அப்பிடித்தான் எதையாவது பண்ணுவாங்க. அதுல சிரிக்க என்ன இருக்குது? எறங்கி வர்றப்ப சாரு என்ற தோளைத் தட்டி, "ஏம்மா கோகிலா, நீ கட்டடத்தைத் தவிர வேற எதையுமே பாக்க மாட்டயா?"ன்னாரு. அது ஒண்ணுதான் அன்னிக்கு எனக்கு ஆறுதல். தப்புப் பண்ணியும் வேலைல இருக்கற கவனத்தைப் பாராட்டினாரு பாருங்க.

ஊட்டுக்குப் போற வழில ஸ்கூட்டியை நிறுத்திப்போட்டு அழுதனுங்க. நெசமாவே அழுதேன். கொஞ்சம் லேட்டா ஆரம்பிச்ச வேலை, மொதக் கட்டடத்துலயே இப்பிடி. பரிமளாக்கா மைக்ராஸ்கோப்பை வெச்சுட்டு உக்காந்திருந்ததுதான் கண்ணுக்குள்ளயே நிக்குது. மறுநாளு போயி அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். அவங்க என்னைக் கட்டிப் புடிச்சுட்டு, "விடு கண்ணு, எனக்குச் சிரிச்சு எத்தனையோ நாளாச்சு"ன்னாங்க. பேக்கரிக்காரரு தேங்கா பன்னு குடுத்தாரு, சும்மாவே. சாரு கையெழுத்துப் போட்டுட்டாரு. கட்டடம் கல்லாட்ட இருக்குதுன்னு எழுதிட்டாரு. அய்யாவுக்கும் கடன் கெடைச்சிருச்சு. டியூசன் மறுபடி நடக்குது. எல்லாம் செரியாப் போச்சு, எனக்கு மட்டும் நல்லசிவத்து மேல கோவம் தீரலை. போன் பண்ணினாரு, நான் எடுக்கலை. மறுபடி பண்ணினாரு, எடுக்கலை. அப்பறம் பண்ணலை. ஏன் பண்ணலைன்னு அதுக்கும் கோவம் வந்துச்சு. கோவம்னா அப்பிடித்தானுங்களே, அதுக்கு நாயம் ஏது?

என்ன கவுந்தப்பாடி வந்துருச்சா? பேசிட்டே வந்ததுல ஒரு கட்டடத்தையும் பாக்கலை பாருங்க.

போன புதன்கிழமை ஆபீஸுக்கே வந்துட்டாரு. மாம்பழக் கலரு சட்டை. ஷேவ் பண்ணினதுல தாடைல ஒரு வெட்டு. சாருகிட்ட மன்னிப்புக் கேட்டாரு. அப்பறம் என்ற மேசைகிட்ட வந்து நின்னாரு. நான் நிமுந்து பாக்கலை, எழுதிட்டே இருக்கறேன். என்ன எழுதினேன்னு கேட்டுராதீங்க.

"அந்தக் கட்டடத்துக்கு ஒண்ணுமில்லீங்க மேடம்"னாரு.

"தெரியும். எங்க சாரு சர்ட்டிபிகேட்டே குடுத்துட்டாரு"ன்னேன்.

"கட்டடத்துக்கு ஒண்ணுமில்லீங்க. எனக்குத்தான்"னு நிறுத்திட்டாரு.

"உங்களுக்கென்ன, மேல் மாடி வெயிலு ஆகலையா? அதுக்கு ஓனருகிட்டச் சொல்லி மேல வெள்ளைப் பெயிண்டு அடிக்கச் சொல்லுங்க, சூடு கொறையும்"னேன்.

உள்ள சாரு பேனாவைக் கீழ போட்டுட்டாரு. அந்தச் சத்தம் கேட்டுச்சு.

நல்லசிவம் மூச்சை இழுத்துட்டு ஒரே தடவைல சொன்னாரு. "கோபில எங்க ஊட்ல ஒரு விரிசல் இருக்குதுங்க. நெசமாவே இருக்குது, நான் ஒண்ணும் பண்ணலை. வர்ற ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறீங்களா? பத்தரைக்கு மேல பன்னண்டுக்குள்ள. அம்மா நேரம் பாத்துட்டாங்க." விரிசல் பாக்கறதுக்கு நேரங்காலம் பாக்கற குடும்பத்தை இப்பத்தானுங்க பாக்கறேன். நான் சாரைப் பாத்தேன். "போயிட்டு வாம்மா. ஃபீஸ் வாங்கிராத"ன்னாரு.

இதுல சாரு எதுக்கோ எங்கம்மாவுக்குப் போன் பண்ணிருக்காரு. காலைல எந்திரிச்சா பட்டுச்சேலையை எடுத்துக் கட்டல் மேல வெச்சிருக்காங்க. "செவுத்துல ஒரசினா வீணாப் போயிரும்மா"ன்னேன். "போனாப் போகுது, கட்டு"ன்னாங்க. மல்லிகைப் பூ வேற. தம்பியும் அவன் சம்சாரமும் அம்மாவைக் கூட்டிட்டு கார்ல வர்றாங்களாம், அவங்களுக்கும் கோபில என்னமோ ஜோலியாமா. "கார்லயே வா"ன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். காலை வெயிலு சாஞ்சு விழறப்பத்தான் விரிசல் நல்லாத் தெரியும், அதுக்கு முன்னாடியே போயிரோணும். அதுவுமில்லாம அவங்க ஊட்ல ஆளுக சேந்துட்டா செவுத்தை எங்க பாக்கறது? அத்தை, மாமா எல்லாம் வர்றாங்களாமா. ஒரு விரிசலுக்கு.

என்னங்க்கா? சத்தமாச் சொல்லுங்க, இந்த பஸ்ஸு எரைச்சல்ல கேக்கலை.

பொண்ணு பாக்கறாங்களா? யாரை?

என்னையா?

இல்லீங்க. உங்களுக்கு அவரைத் தெரியாதுங்க. அவரு ரொம்ப அமைதி. தெரிஞ்சா நீங்க இப்பிடிச் சொல்ல மாட்டீங்க.

ஏனுங்க்கா, நெசமாவே அப்பிடித்தான்னு நெனைக்கறீங்களா?

ஒரு விசயம் சொல்லட்டுங்களா. அன்னிக்குக் காரிடார்ல எல்லாரும் சிரிச்சப்ப, ஒரே ஒரு நொடி எனக்கும் தோணுச்சு. தோணினதும், சீ, நமக்கெல்லாமான்னு அதை அப்பிடியே தள்ளி விட்டுட்டனுங்க. என்னைப் பாக்க எத்தனையோ பேரு வந்திருக்காங்க. வந்தவங்க போயிச் சொல்லி அனுப்பறேன்னு சொல்லுவாங்க, அப்பறம் சேதியே வராது. வயசு கூடிருச்சு, நெறங்கம்மி, வாயி ஜாஸ்தி. எங்கம்மா அழுது ஓஞ்சு, நானும் அந்தப் பக்கமே திரும்பிப் பாக்கறதில்லைன்னு விட்டாச்சு. முப்பத்திரண்டு வயசுல, ஒருத்தரு நான் வரோணுங்கறதுக்காகச் சுத்தியலை எடுத்துக் கண்ணாடியை ஒடைப்பாருன்னு எப்பிடிங்க நெனைக்க முடியும்? அதுவும் என்ற பேச்சை உக்காந்து கேட்டுட்டு, "அப்பறம்?"னு கேட்டுட்டு.

கொஞ்சம் தண்ணி குடுங்க.

பூவு செரியா இருக்குதுங்களா? இந்தக் காத்துல எல்லாம் கலைஞ்சிருக்கும். ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க.

அதுக்குள்ள பஸ் ஸ்டாண்டு வந்துருச்சே. அவருகிட்ட, அட்ரஸ் சொன்னீங்கன்னா நானே வந்துர்றேன், யாரும் வர வேண்டாம்னு சொல்லிருந்தனுங்க. அதோ, அந்த டீக்கடை பக்கத்துல பாருங்க. மாம்பழக் கலரு சட்டைதான், அதையேதான் போட்டுட்டு வந்திருக்காரு. எத்தனை பஸ்ஸாப் பாத்துட்டு நிக்கறாரோ. இங்க பாக்கலை. ஐயோ, பாத்துட்டாரு.

எந்திரிக்காதீங்க அக்கா, ஒரு நிமிசம் இருங்க. இத்தனை தூரம் உங்க காதைப் புடுங்கிட்டு வந்தேன், இப்ப எனக்கு நாக்கே எழலீங்க. கண்டக்டரு கத்தறாரு, கத்தட்டும். சொல்லுங்க, எறங்குனதும் மொதல்ல நான் என்ன பேசறது? விரிசல் எந்தச் செவுத்துலன்னே கேட்டுரட்டுங்களா?